முதன்முறை யுவைட்டிஸ்: கண் வெளுத்துவிட்டால் மருந்தைக் குறைக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆறு நாட்களுக்கு முன் வலது கண் சிவந்து வலித்தது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, மருத்துவர் யுவைட்டிஸ், அதாவது கண்ணின் நடுப்படலத்தில் அழற்சி, என்றார். மணிக்கொரு முறை ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கண்பாவையை விரிக்க இன்னொரு சொட்டு மருந்து, கூடவே இரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே. இப்போது வலி இல்லை, சிவப்பும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. பார்வை போய்விடுமா, எனக்கு ஏன் வந்தது, இனி எப்படி வாழ்வது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "கண் வெளுத்துவிட்டதே, மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று சேர்த்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். குறைக்காதீர்கள். மற்றதை நாளைகூடப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றே கேளுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நோயோடு இருப்பவன். ஐந்து முறை வந்து போயிருக்கிறது. முதல் முறை வந்தபோது, மெட்ராஸ் ஐ என்று நினைத்து ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதனால் பயன் இல்லை. பிறகு வேறொரு மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து, உங்களுக்குத் தந்த அதே மருந்துகளைத் தந்தார். நான்கு நாட்களில் வலி போயிற்று. பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன், கண் பளிச்சென்று இருந்தது. ஸ்டீராய்டு ஆயிற்றே, எதற்கு வீணாக என்று நானே நிறுத்திவிட்டேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. அந்த இடைவெளியில் ஐரிஸ், அதாவது கண்ணுக்கு நிறம் தரும் வளையம், பின்னால் இருக்கும் லென்சோடு இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டது. ஒன்று மருந்தில் விடுபட்டது. இன்னொன்று விடவே இல்லை. என் இடது கண்பாவை இன்றும் முழு வட்டமாக இல்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

வலி ஏன் முதலில் போய்விடுகிறது என்று புரிந்துகொண்டால் மருந்தைத் தொடர்வது எளிதாகிவிடும். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு உட்புறமாக, இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு நடுப்படலம் இருக்கிறது. யுவியா என்பது அதன் பெயர். திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெளித்தோலை உரித்துப் பார்த்தால் கருந்திராட்சை போலத் தெரியுமாம். முன்பக்கம் ஐரிஸ், அதையடுத்து லென்சைத் தாங்கிக் குவியத்தை மாற்றும் சிலியரித் தசைப்பகுதி, பின்பக்கம் விழித்திரைக்கு அடியில் விரிந்திருக்கும் கோராய்டு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் யுவியா. இதில் எங்கே அழற்சி வந்தாலும் யுவைட்டிஸ்தான். வெளிச்சம் பட்டால் குத்துவது, அழற்சி கண்ட சிலியரித் தசையும் ஐரிசும் சுருங்கி இழுப்பதால். பாவையை விரிக்கும் மருந்து அந்தத் தசையை ஓய்வில் வைக்கிறது, அதனால் வலி அடங்குகிறது. ஐரிஸ் லென்சோடு ஒட்டிக்கொள்ளாமல் தள்ளி வைப்பதும் அதே மருந்துதான். ஆனால் அழற்சியை அது அணைப்பதில்லை. அணைப்பது ஸ்டீராய்டு, அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

அழற்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கண்ணாடியில் தெரியாது. ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் தாடையை வைத்து உட்கார்ந்தீர்களே, அதில்தான் தெரியும். மூடிய அறையின் கதவிடுக்கு வழியே வெயில் விழும்போது, அந்த ஒளிக்கீற்றில் மட்டும் தூசி மிதப்பது தெரியும் அல்லவா? அதே போல மெல்லிய ஒளிக்கீற்று ஒன்றைக் கண்ணின் முன்னறைக்குள் செலுத்தி, அதில் மிதக்கும் வெள்ளை அணுக்களை மருத்துவர் எண்ணுகிறார். 1 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் அளவுள்ள கீற்றில் 50-க்கு மேல் இருந்தால் 4 பிளஸ், 6 முதல் 15 வரை என்றால் 1 பிளஸ், 1 முதல் 5 வரை மட்டும் தெரிந்தால் அரை பிளஸ். பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்டு 2005-இல் வெளியிட்ட அளவுகோல் இது. அடுத்த முறை போகும்போது "செல் எத்தனை பிளஸ்?" என்று கேளுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள், கண் அழுத்தத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 3, 2, 1 என்று அந்த எண் இறங்குவதைப் பார்க்கும்போது கிடைக்கும் தைரியத்தை வேறு யாருடைய ஆறுதலும் எனக்குத் தந்ததில்லை.

இனி பார்வை போய்விடுமா என்ற கேள்வி. இணையத்தில் "யுவைட்டிஸ்" என்று தேடினால் பார்வையிழப்பு என்ற சொல் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம் ஆகிய மூன்றும் முன்பகுதி யுவைட்டிசுக்குரியவை. அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படுவது. காலத்தில் சிகிச்சை தொடங்கி, அதை முழுதாக முடித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே திரும்புகிறது. இடைப்பகுதி, பின்பகுதி யுவைட்டிஸ் வேறு குணம் கொண்டவை. அவற்றில் வலியும் சிவப்பும் பெரும்பாலும் இருக்காது. மிதக்கும் கரும்புள்ளிகள், மங்கல் என்று சத்தமில்லாமல் வரும். சிகிச்சையும் நீண்டது. ஆகவே "எந்தப் பகுதி? விழித்திரையைப் பார்த்தீர்களா? அது நன்றாக இருக்கிறதா?" என்ற மூன்று கேள்விகளுக்கும் மருத்துவரிடம் நேரடியாகப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கையில் வரும்வரை மற்றவர்களின் கதைகளைப் படிக்க வேண்டாம். குணமாகி வேலைக்குப் போய்விட்டவர்கள் இணையத்தில் எழுதுவது குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

யுவைட்டிசால் பார்வை பறிபோவது பெரும்பாலும் அழற்சி விட்டுச்செல்லும் விளைவுகளால்தான். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோத்து வீங்குவது, கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடுவது, கண்புரை, நான் சொன்ன ஒட்டல்கள். இவை ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. ஓசிடி ஸ்கேன் மாக்குலா வீக்கத்தைக் காட்டிவிடும், ஊசி கிடையாது, சில நிமிட வேலை. கண்புரையை அழற்சி நன்றாக அடங்கிய பின் அறுவை செய்து சரிசெய்யலாம். கண்டுபிடிக்கத் தாமதமானால்தான் சிக்கல்.

உங்களுக்கு ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். கணினியை அதிக நேரம் பார்த்ததால் வரவில்லை. அழுக்குக் கையால் கண்ணைத் தேய்த்ததால் வரவில்லை. மெட்ராஸ் ஐ போல இது ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குத் தொற்றுவதில்லை. குழந்தையைத் தள்ளி வைக்க வேண்டாம். பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் கண்ணையே தாக்குவதால் வருகிறது. சிலருக்கு மட்டும் உள்ளே இருக்கும் ஒரு கிருமி காரணமாகிறது: அக்கி வைரஸ், காசநோய், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. இந்த இரண்டு வகையையும் பிரித்தறியத்தான் இத்தனை பரிசோதனைகள். கிருமி காரணமாக இருந்தால் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது போதாது, சமயத்தில் கெடுதலாகவும் முடியும்.

சிபிலிஸ் பரிசோதனை எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் மனம் புண்படுகிறார்கள். என் மனைவி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அது உங்கள் நடத்தையைப் பற்றிய சந்தேகம் இல்லை. யுவைட்டிசின் எந்த வடிவத்திலும் தோன்றக்கூடிய நோய் அது, பென்சிலின் கொடுத்தால் குணமாகக்கூடியதும்கூட. தவறவிடக் கூடாது என்பதால் யாராக இருந்தாலும் எழுதுகிறார்கள்.

இன்னொரு பரிசோதனை எச்எல்ஏ-பி27. முன்பகுதி யுவைட்டிஸ் திடீரென்று வருபவர்களில் கணிசமானோருக்கு இந்த மரபணு இருக்கும். இருந்தாலே நோயாளி என்று அர்த்தமில்லை. அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அது முதுகெலும்பு மூட்டழற்சியோடு நெருங்கிய உறவு கொண்டது. எனக்குப் பல ஆண்டுகளாகக் காலையில் எழுந்தால் இடுப்பு இறுகிப்போயிருக்கும். அரை மணி, முக்கால் மணி நடந்த பிறகுதான் தளரும். உட்காரும் நாற்காலிதான் காரணம் என்று இரண்டு நாற்காலிகளை மாற்றினேன். "முதுகு வலி உண்டா?" என்று முதன்முதலில் சரியாகக் கேட்டவர் கண் மருத்துவர். அங்கிருந்து மூட்டு நோய் மருத்துவரிடம் போய், முதுகுக்கும் சிகிச்சை கிடைத்தது. எனவே அடுத்த சந்திப்புக்கு முன் உட்கார்ந்து யோசியுங்கள். ஓய்வில் அதிகமாகி நடந்தால் குறையும் முதுகுவலி, மூட்டு வீக்கம், அடிக்கடி வரும் வாய்ப்புண், தோலில் தடிப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, விடாத இருமல், எப்போதோ வந்த அக்கி. கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காமல் எழுதிக் கொண்டுபோங்கள். எல்லாம் பார்த்த பிறகும் காரணமே தெரியாமல் போகலாம். அப்படிப் பலருக்கு நடக்கிறது, சிகிச்சை அதனால் நின்றுபோவதில்லை.

சொட்டு மருந்து விடுவதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பிரெட்னிசலோன் அசிடேட் என்றால் அது கரைசல் இல்லை. மருந்துத் துகள்கள் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் மேலே தெளிந்த நீரைத்தான் விட்டுக்கொள்வீர்கள். கையைக் கழுவுங்கள், கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு பள்ளம் போலச் செய்து ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் தங்காது. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். குப்பி முனை இமையில் படக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிட இடைவெளி. இரண்டு குப்பிகளிலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் பாவை விரிந்த கண்ணால் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. மணிக்கொரு முறை என்றால் கைபேசியில் அலாரம் வைத்தே தீர வேண்டும், நினைவை நம்பினால் பாதி தவறிவிடும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவரானால் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதையும், யார் சொன்னாலும், கண்ணில் விடாதீர்கள்.

பாவையை விரிக்கும் மருந்தால் கிட்டத்தில் படிக்க முடியாது, வெளிச்சம் கூசும். அட்ரோபின் என்றால் நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் இப்படி இருக்கும். எனக்கு முதல் முறை இதை யாரும் சொல்லவில்லை. எழுத்து கலங்கியதும் பார்வை போகிறது என்றே நினைத்து இரவெல்லாம் அழுதேன். அது மருந்தின் வேலை, திரும்பிவிடும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், வெளியே குளிர்கண்ணாடி போடுங்கள்.

குறைப்பது எப்படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக மணிக்கொரு முறை என்பது இரண்டு மணிக்கொரு முறையாகி, பிறகு நாளுக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறங்கும். ஆறு வாரம் ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகலாம். தேதி போட்ட அட்டவணையாகக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். நாளுக்கு ஒரு சொட்டு என்ற கடைசி வாரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்டீராய்டு பற்றிச் சுற்றியிருப்பவர்கள் பயமுறுத்துவார்கள். 1948-இல் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் மூட்டழற்சியால் முடங்கியிருந்த ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். 1950-இல் அதற்காக அவருக்கும், இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் யுவைட்டிஸ் வந்தவர்களுக்கு ஊசி போட்டு வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார்கள். வேறு நல்ல வழி அதிகம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களை நினைத்தால், கையிலிருக்கும் இந்தச் சிறு குப்பியை என்னால் அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் உண்மை. சிலருக்குச் சில வாரங்களில் கண் அழுத்தம் ஏறும், அது வெளியே தெரியாது. நீண்ட காலம் சொட்டு விட்டுவந்தால் கண்புரை வரலாம். நன்றாக இருக்கும்போதும் சந்திப்பைத் தவறவிடக் கூடாது என்பது இதனால்தான். மிச்சமிருக்கும் குப்பியை அடுத்த முறை கண் சிவக்கும்போது நீங்களாக எடுத்து விடவும் கூடாது. அது கருவிழியில் வந்த அக்கிப் புண்ணாக இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும்.

திரும்பத் திரும்ப வந்தாலோ, பின்பகுதியைத் தாக்கினாலோ மாத்திரை, ஊசி என்று போவார்கள். உங்களுக்கு இப்போது அது தேவைப்படவில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் போடும் மருந்து; தவறிப்போய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதுவும் போதாதவர்களுக்கு அடலிமுமாப் ஊசி இருக்கிறது. கிருமியால் வராத, இடைப்பகுதியையோ பின்பகுதியையோ தாக்கும் யுவைட்டிசுக்கு 2016-இல் அது அங்கீகாரம் பெற்றது. வழி அடைந்துவிட்டது என்று இன்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புகைப்பவரானால் நிறுத்துங்கள், அது இந்த நோயை மோசமாக்குகிறது.

இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரவில்லை. ஒரு கண்ணை மூடி, இன்னொன்றால் சுவரைப் பார்த்து, மாற்றி மூடி, மறுபடியும் பார்த்து, ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ஏதோ குறைந்தது போலவே தோன்றும். பிறகு ஒரு மருத்துவர் சொன்ன முறையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், சுவரில் இருக்கும் ஒரே நாட்காட்டியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்ப்பது. எழுத்து தெரிகிறதா, கோடுகள் வளையாமல் நேராக இருக்கின்றனவா, அவ்வளவுதான். அன்றைக்கு மறுபடியும் சோதிப்பதில்லை. பயம் அதனால் போய்விடவில்லை, ஆனால் நாள் முழுவதையும் அது தின்னவில்லை. பல வாரங்களுக்கு மனம் தேறவே இல்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குத் தூக்கமும் மனநிலையும் மருந்தாலேயே குலைவதுண்டு.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு சிரமம் வரும். கண் வெளுத்ததும் "சரியாகிவிட்டதே" என்பார்கள். மூட்டழற்சி உள்ள குழந்தைகளுக்கு வரும் யுவைட்டிசில் கண் பெரும்பாலும் முதலிலிருந்தே வெள்ளையாகத்தான் இருக்கும், குழந்தை ஒரு வலியும் சொல்லாது. அதனால்தான் அவர்களைக் குறித்த காலத்தில் கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். இந்த ஒரு செய்தியைச் சொன்னபோதுதான் என் வீட்டில் உள்ளவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடத்தில் மேசை, எழுத்துருவைப் பெரிதாக்க அனுமதி, சொட்டு மருந்துக்கு ஐந்து நிமிடம்: அலுவலகத்தில் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

திரும்ப வருமா? வரலாம், வராமலும் போகலாம். ஒரே முறையோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வரும்போதெல்லாம் சிவப்புக்கு ஒரு நாள் முன்பே தெரிந்துவிடுகிறது: காலையில் திரையை விலக்கும்போது கண்ணுக்குள் ஆழத்தில் ஒரு மந்தமான வலி, கை தானாக நெற்றிக்குப் போகும். அப்போது அந்தக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நல்ல கண்ணால் விளக்கைப் பார்ப்பேன். மூடிய கண் வலித்தால் உடனே தொலைபேசியை எடுப்பேன். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்கும் என்பதால் அப்படி வலிக்கிறது. வலிக்கவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூப்பிடுவதற்கு அது ஒரு கூடுதல் காரணம், அவ்வளவே. கடைசி இரண்டு முறையும் அன்றைக்கே மருந்து தொடங்கியதால் புதிதாக ஒட்டல் எதுவும் விழவில்லை.

பார்வை திடீரென்று குறைந்தாலோ, கரும்புள்ளிகள் மழை போலக் கொட்டினாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்தாலோ, கடும் வலியோடு வாந்தி வந்தாலோ, சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த மணி நேரமே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அடுத்த சந்திப்பு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. மணிக்கொரு முறை மருந்து விடும் கட்டத்தில் ஒரு வாரத்துக்குள் உங்களைப் பார்க்க வேண்டும். தேதி அதற்கு மேல் தள்ளிப்போயிருந்தால் நாளைக் காலையிலேயே கூப்பிட்டு முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போதே, மறுபடியும் வந்தால் அன்றைக்கே உங்களைப் பார்க்க எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.